நீச்சல் உடை வாங்கத் தெரியாமல் நான் பட்ட பாடு: ஒரு பனியன் கம்பெனிக்காரியின் கணக்கு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 11 வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணியை விரலிடுக்கில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எவ்வளவு, லைக்ரா என்கிற ரப்பர் போல் நீளும் நூல் எத்தனை சதவீதம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். துணி சரியில்லை என்று பையரிடமிருந்து மெயில் வந்தால் பதில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான், என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒழுங்கான நீச்சல் உடை வாங்க 13 நாள் அலைந்து, 5,600 ரூபாயை விட்டேன் என்று சொன்னால் எங்கள் சாம்பிள் செக்‌ஷனில் இன்னும் சிரிக்கிறார்கள்.

பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 5. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் நானும் அத்தையும்தான். போன கோடை விடுமுறையில் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு குளத்தில் 21 நாள் பயிற்சி என்று பேனர் கட்டியிருந்தார்கள். காலை 6 முதல் 7 வரை, பிள்ளை ஒன்றுக்கு 3,500 ரூபாய். ஆக 7,000. ஒரு நாள் வகுப்பு போனால் இரண்டு பேருக்குமாக 333 ரூபாய் போகும் என்று அன்றைக்கே போனில் வகுத்துப் பார்த்தேன். இந்தக் கணக்கு பின்னால் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

பணம் கட்டும்போது "டிரெஸ் என்ன எடுக்கணும்?" என்று கேட்டேன். ரசீது போட்டவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "நீச்சல் டிரெஸ்தாங்க" என்றார். சரி, இதில் என்ன இருக்கிறது, ஊரே துணி தைக்கிற ஊர், நாமே தைத்துவிடலாம் என்று நினைத்தேன். சாம்பிள் செக்‌ஷனில் மிச்சம் கிடந்த நல்ல துணி ஒன்று இருந்தது. 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா, 200 ஜி.எஸ்.எம். தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். கட்டிங் மாஸ்டரிடம் சொல்லி பெரியவளுக்குக் கையில்லாத முழு சூட் ஒன்றும் சின்னவனுக்கு ஒரு டிராயரும் வெட்டி, ஓவர்லாக் அடித்து, ஃபிளாட்லாக்கில் ஓரம் மடித்து வாங்கினேன். டெய்லர் அண்ணன் கையில் 400 ரூபாய் வைத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் அளவெடுத்து ஊற்றியது போல் பொருந்தியது. போட்டோ எடுத்து சிங்கப்பூருக்கு வேறு அனுப்பினேன்.

முதல் நாள் காலை. பெரியவள் படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோச் முழுகி எழச் சொன்னார். எழுந்தாள். சூட் எழவில்லை. கால் இடுக்குப் பகுதி முழங்காலை நோக்கித் தொங்க, தோள் பட்டை இரண்டும் முழங்கைக்கு வழிந்துவிட்டன. பிள்ளை இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். நீச்சல் அடிக்கக் கை வேண்டுமே! அந்தப் பக்கம் சின்னவன் மேலேயிருந்து குதித்தான். அவன் ஒரு பக்கம் வந்தான், டிராயர் ஒரு பக்கம் மிதந்தது. அவனுக்கு அது வேடிக்கை. கூட இருந்த பிள்ளைகள் சிரித்தபோது அவனும் சேர்ந்து சிரித்தான். பெரியவள் சிரிக்கவில்லை. கரையேறி என் துண்டுக்குள் புகுந்தவள் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கோச் வந்து அந்தச் சூட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது காட்டனுங்களாக்கா?" என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "காட்டன் உள்ளே விடறதில்லீங்க. நூல் பிசிறு எல்லாம் ஃபில்டர்ல போய் அடைக்கும். அதுவுமில்லாம தண்ணியக் குடிச்சுக் குடிச்சுப் பிள்ளையை இழுக்கும்" என்றார். காட்டன் தண்ணீர் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? சாதாரணக் காற்றிலேயே காட்டன் தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், நைலான் 4 சதவீதம், பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் கீழே. எங்கள் தொழிலில் அரிச்சுவடி இது. பனியனுக்குக் காட்டன் சிறந்தது என்பதற்கான காரணமே இதுதான், வேர்வையைக் குடிக்கும். அதே குணம் குளத்தில் எமன் ஆகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் இன்றுவரை புரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்தச் சூட்டைத் தராசில் வைத்தேன். காய்ந்தபோது 120 கிராம். பக்கெட்டில் முக்கி, பிழியாமல் தூக்கி வைத்தால் 430. எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் 300 கிராம் கூடுதலாகத் தொங்கினால் அது இறங்காமல் என்ன செய்யும்?

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வகுப்பு இல்லை. பெரியவள் வரவே மாட்டேன் என்றாள், சின்னவனுக்குப் போட உடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனேன். அங்கே ஏற்றுமதி மிச்சம் எல்லாம் குவியல் குவியலாகக் கிடைக்கும், ஆனால் நீச்சல் உடை கண்ணில் படவில்லை. கடைசியில் டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பெரியவளுக்கு ஃபிராக் சூட் 750, சின்னவனுக்குத் தொடைவரை வரும் ஷார்ட்ஸ் 450 என்று எடுத்தேன். இங்கே செய்த தப்பு வேறு. "வளர்ற பிள்ளைங்க, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க, அடுத்த வருஷமும் ஆகும்" என்றார் கடைக்காரர். பள்ளிச் சீருடை, தீபாவளித் துணி எல்லாம் அப்படித்தானே எடுக்கிறோம் என்று நானும் தலையாட்டினேன்.

நீச்சல் உடைக்கு மட்டும் அந்த வழக்கம் ஆகாது. எந்த நீச்சல் உடையும் தண்ணீரில் நனைந்ததும் கொஞ்சம் தளரும். வறண்ட நிலையில் 'கொஞ்சம் இறுக்கமோ' என்று நமக்குத் தோன்றுகிற அளவுதான் தண்ணீரில் சரியான அளவு. தோள் பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரிது. முதுகிலோ பின்பக்கத்திலோ துணி சுருங்கி மடிந்து நின்றால் பெரிது. மடிந்த இடத்தில்தான் தண்ணீர் போய்ப் பை கட்டும். அதே சமயம் தோளிலும் தொடையிலும் சிவப்பாகத் தடம் பதிந்தால் சிறிது. பட்டை முதுகில் குறுக்காகவோ நடுவில் சேர்ந்தோ வருகிற மாதிரி இருந்தால் தோளிலிருந்து வழியாது. நேராக இறங்கும் மெல்லிய பட்டை, கழுத்தில் முடிச்சுப் போடுகிற கயிறு, குஞ்சம், பூ இதெல்லாம் கடலோரத்தில் நின்று போட்டோ எடுக்க நன்றாக இருக்கும், வகுப்புக்கு ஆகாது.

பெரியவளின் ஃபிராக் சூட்டில் ஒரு குட்டைப் பாவாடை இருந்தது. கடையில் பார்க்கும்போது மரியாதையாகத் தெரிந்ததால்தான் அதை எடுத்தேன். தண்ணீரில் அந்தப் பாவாடை குடை மாதிரி விரிந்து மேலே வந்து வயிற்றைச் சுற்றி நின்றது. மறைப்பதற்கென்று வைத்தது மறைக்கவும் இல்லை, காலை உதைத்து முன்னே போகவும் விடவில்லை. சின்னவனின் ஷார்ட்ஸ் கதை அதைவிட மோசம். இரண்டு பக்கமும் பை. குதித்ததும் பையில் காற்று அடைத்துக்கொண்டு இடுப்பில் இரண்டு பலூன். உள்ளே வெள்ளை வலை மாதிரி ஒரு லைனிங். அதைப் போட்ட மூன்றாம் நாள் சாயங்காலம் குளிப்பாட்டும்போது சோப்பு பட்டதும் அலறினான். தொடை இடுக்கு இரண்டும் வலை உரசிப் பழுத்த தக்காளி நிறத்தில் இருந்தன. மூன்று நாள் வகுப்புப் போயிற்று. டாக்டர் களிம்பு எழுதிவிட்டு, ஆண் குழந்தைகளுக்கு அந்த வலை வைத்ததை வாங்கவே வாங்காதீர்கள், வலைக் கண்ணில் மெல்லிய தோல் சிக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளும் உண்டு என்றார். கேட்கும்போதே எனக்கு உடம்பு கூசிவிட்டது. அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கத்தரிக்கோலால் வலையை வெட்டி எடுத்துவிட்டு, கீழே இறுக்கமான நீச்சல் டிராயர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். பையன்களுக்கு நல்லது பையில்லாத, தொடையோடு ஒட்டி முழங்காலுக்கு மேலே நிற்கிற ஜாமர். இடுப்பில் எலாஸ்டிக்கோடு உள்பக்கமாகக் கட்டுகிற நாடாவும் இருக்க வேண்டும். எலாஸ்டிக்கை மட்டும் நம்பிக் குதிக்க விட்டால் என்ன ஆகும் என்றுதான் முதல் நாளே பார்த்தோமே.

இந்த இடைவெளியில் ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் ஆன்லைனில் ஒன்று போட்டேன். சின்னவனுக்குத்தான். சூட்டின் நெஞ்சைச் சுற்றிலும் மிதவைக் கட்டைகள் வைத்துத் தைத்தது, 1,450 ரூபாய். மூழ்கவே மாட்டான் என்று எழுதியிருந்தது, தனியாக இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிற அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதாதா? கோச் அதைப் பார்த்ததும் வேண்டாம் என்றார். தண்ணீரில் நீந்த உடம்பு பலகை போலக் கிடைமட்டமாகக் கிடக்க வேண்டும். நெஞ்சில் மிதவை இருந்தால் பிள்ளை தக்கை போல் செங்குத்தாக நிற்பான், அந்த நிலையே அவனுக்குப் பழகிவிடும். அதைவிட ஆபத்து, மிதவை இல்லாத அன்றைக்கும் தான் மிதப்பேன் என்று நம்பிக் குதிப்பான். சரி, திருப்பி அனுப்பலாம் என்றால், சுகாதாரக் காரணத்தால் நீச்சல் உடையைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன் அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள். சைஸ் விஷயத்திலும் வயதை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 7-8 வயது இன்னொரு கம்பெனியின் 9-10 வயதாக இருக்கும், இதை நான் தொழில்முறையாகவே சொல்கிறேன். முழு சூட்டுக்கு உயரமும் மார்பளவும் போதாது. ஒரு பக்கத் தோளில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, காலிடுக்கு வழியாகப் பின்பக்கம் ஏற்றி, தொடங்கிய அதே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தச் சுற்றளவு குறைந்தால் தோளை வெட்டும், கூடினால் தொங்கும். கைக்குழந்தைகளின் ரோம்பருக்கு நான் தினமும் சரிபார்க்கிற அளவு இது. என் பிள்ளைக்கு எடுக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அத்தை சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண் குழந்தை இருக்கிற வீடுகளில் இதுவும் உடைப் பிரச்சினைதான். பெரியவளின் முதல் சூட்டைப் பார்த்தபோதே அத்தைக்கு முகம் சரியில்லை. "எட்டு வயசுப் புள்ளைங்க அம்மணி, இப்படித் தொடையெல்லாம் தெரிய..." என்று இழுத்தார். நான் கோபப்பட்டேன், அவர் ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கோபம் தேவையில்லாதது என்று இப்போது தெரிகிறது. அத்தைக்கு நீச்சல் மேல் வெறுப்பு கிடையாது. அவரே தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி, அண்ணன்மாரோடு குதித்து நீச்சல் பழகியவர். பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் சொருகிக்கொண்டு குதிப்போம் என்று அவரே ஒரு நாள் சொன்னார். அப்போது மட்டும் தொடை தெரியவில்லையா என்று கேட்டேன். "அது நம்ம கிணறு, பாக்கறவங்கெல்லாம் நம்ம சனம்" என்றார். அவருடைய கவலை கேலரியில் உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஆட்களைப் பற்றியது. பெரியவளுக்கும் அந்தக் கூச்சம்தான் முதல் நாளே வந்துவிட்டதே. அதற்கு வழி இருக்கிறது. அரைக்கையும், முழங்கால்வரை ஒட்டிய காலும் ஒரே துண்டாக வருகிற லெக் சூட்டைக் கோச்தான் சொன்னார். உடம்போடு ஒட்டி நிற்பதால் தண்ணீரில் தடையும் இல்லை, பிள்ளை கையை விரித்து நீந்துகிறாள், வெளிக்குளம் என்றால் தோள் கறுக்காமலும் இருக்கும். சூட்டுக்கு மேலே தொளதொள டி ஷர்ட் ஒன்றை மாட்டிவிடுகிற பெற்றோர்களையும் பார்த்தேன். அது மட்டும் வேண்டாம். காற்று புகுந்து முகத்துக்கு ஏறிக்கொண்டால் பிள்ளை பயந்துபோகும்.

இப்போது சொல்லப் போவதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வலை ஷார்ட்ஸ் போனபின், சின்னவனுக்கு அவசரமாக ஒரு செட் எடுத்தேன், 900 ரூபாய். உடம்பில் ஒட்டுகிற அரைக்கைச் சட்டையும் ஜாமரும், இரண்டும் இளம் வான நீலம். அளவு, தையல், துணி எதிலும் குறை கிடையாது, நானே தேர்வு செய்ததில் முதல் நல்ல உடை. பதினொன்றாம் நாள் காலை கேலரியில் உட்கார்ந்து கம்பெனி போன் ஒன்று பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட இராது. தலையை நிமிர்த்தினால் சின்னவனைக் காணவில்லை. எண்ணுகிறேன்: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், இன்னொரு கறுப்பு, ஆறு பிள்ளைகள். ஏழு இருக்க வேண்டும். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், நீலத் தரை, அதன் மேல் வெயில் அலைந்து அலைந்து வெள்ளைக் கோடு போடுகிறது, அவ்வளவுதான். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. அப்புறம் அந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு கறுத்த உருண்டை, அவன் தலை, பொத்தென்று மேலே வந்தது. மூச்சைப் பிடித்து அடியில் கிடந்த ரப்பர் வளையத்தை எடுக்கிற பயிற்சி. கோச் ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். அவன் வளையத்தைத் தூக்கி எனக்குக் காட்டினான். நான் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவன் என் கண்ணெதிரேதான் இருந்தான். உடையின் நிறம் அவனை மறைத்துவிட்டது. பெரும்பாலான குளங்களின் தரை வெளிர் நீலம் அல்லது வெள்ளை ஓடு. அதன் மேல் வெளிர் நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் கரைந்துவிடும், அதிலும் தண்ணீர் அலையும்போது சுத்தமாகத் தெரியாது. பளிச்சிடும் ஆரஞ்சு, பளிச்சிடும் மஞ்சள், பளிச்சிடும் ரோஸ் இவைதான் எட்டும் தூரத்துக்குத் தெரிகின்றன. கறுப்பும் அடர் நிறங்களும் வெளிர்த் தரையில் தெரியும், ஆனால் மேலேயிருந்து பார்த்தால் நிழலோ கோட்டுக் குறியோ என்று கண் ஏமாறும். ஏரி, கிணறு மாதிரிக் கலங்கல் தண்ணீரில் கறுப்பு காணாமலே போய்விடும். அன்று வகுப்பு முடிந்ததும் பெரியவளின் லெக் சூட்டில் இருந்த ரோஸ் பட்டையையும் சின்னவனின் நீலச் சட்டையையும் படியில் நின்று தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன். ஒரு முழ ஆழத்திலேயே நீலம் போய்விட்டது, ரோஸ் எரிந்துகொண்டிருந்தது. உடை எடுத்ததும் நீங்களும் இதைச் செய்யலாம், காசா பணமா. ஆனால் பளிச் நிறம் போட்டுவிட்டோம் என்று போனை நோண்ட உட்காராதீர்கள். நிறம் தேட உதவும், காப்பாற்றாது. அதற்குப்பின் நான் அந்த ஒரு மணி நேரம் போனை வண்டியின் டிக்கியிலேயே வைத்துவிடுவேன்.

பதின்மூன்றாம் நாள் இருவருக்கும் சரியான உடை அமைந்தது. பெரியவளின் ரோஸ் பட்டை போட்ட லெக் சூட் 1,100, சின்னவனின் ஆரஞ்சு செட் 850. ஆக 1,950 ரூபாயில் முடிய வேண்டிய காரியம். வீணாய்ப் போனதை ஒருநாள் டைரியில் கூட்டினேன்: தைத்தது 400, ஃபிராக்கும் ஷார்ட்ஸும் 1,200, மிதவைச் சூட் 1,450, நீலம் 900, சேர்த்து 3,950. சின்னவனுக்கு ஆறு வகுப்பு, பெரியவளுக்கு நான்கு வகுப்பு போனதற்கு ஏறக்குறைய 1,650. காகில்ஸ், அதாவது நீச்சல் கண்ணாடி, வாங்கிய கணக்கை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் அத்தை கேட்பார்.

துணியைப் பற்றி, அதாவது எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்திருந்ததைப் பற்றிக் கொஞ்சம். கடையில் கிடைக்கிற பெரும்பாலான நீச்சல் உடை நைலானும் லைக்ராவும் கலந்தது, 80-க்கு 20 என்கிற மாதிரி. போட்டால் மெத்தென்று இருக்கும், உடனே பிடித்துப்போகும். ஆனால் குளத்துக் குளோரின் லைக்ரா நூலை அரித்துத் தின்றுவிடும். ஒரு நாள் பார்த்தால் இழுத்த துணி திரும்பி வராது, பின்பக்கம் வலை போலாகிவிடும். 21 நாள் வகுப்புக்கு அது தாங்கும். வருடம் முழுக்க வாரத்தில் மூன்று நாள் போகிற பிள்ளை என்றால் பாலியெஸ்டரோ, பாலியெஸ்டரும் பி.பி.டி-யும் கலந்ததோ தேடுங்கள். பி.பி.டி என்பதும் பாலியெஸ்டர் குடும்பம்தான், லைக்ரா இல்லாமலே தானே நீளும், குளோரினுக்கு மசியாது. முதல் தொடுதலில் கொஞ்சம் முரடாக இருக்கும். 'தொட்டால் வெண்ணெய்' என்று நான் முதலில் தேடிய குணத்துக்கு நேர் எதிர். உள்பக்கம் தையலைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். தையல் மேடாக நின்றால் அக்குளிலும் தொடையிலும் உரசும், ஃபிளாட்லாக்கில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். வெயில் குளத்துக்கு யு.பி.எஃப் 50 என்று போட்டிருந்தால் நல்லது. புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று அர்த்தம். போட்டிக்குப் போடுகிற விலையுயர்ந்த சூட்டை ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு கடையில் எடுத்துக் காட்டினார்கள். அதைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

தலைக்கும் கண்ணுக்கும் வருவோம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடு எங்களுடையது. எண்ணெய்த் தலையோடு கேப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு மேலே ஏறும், லேடெக்ஸ் ரப்பர் கேப் என்றால் எண்ணெய் பட்டுச் சீக்கிரமே பிசுபிசுத்துக் கிழியும், குளத்துத் தண்ணீருக்கும் கேடு. நீளமுடிப் பிள்ளைக்கு சிலிக்கான் கேப்தான் தேவலை, முடியைப் பிடித்து இழுக்காது. எந்தக் கேப் போட்டாலும் தலை கொஞ்சம் நனையத்தான் செய்யும், ஆகவே இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். காகில்ஸை வாரை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அமுக்கிப் பாருங்கள். ஓரிரு நொடி தானாக ஒட்டி நின்றால் அந்த முகத்துக்குப் பொருந்தும். உடனே விழுந்தால், வாரை எத்தனை இறுக்கினாலும் தண்ணீர் புகும். கார்ட்டூன் மீன் ஒட்டிய 150 ரூபாய் காகில்ஸில் சின்னவன் நான்கு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தான். உள்பக்கம் விரலால் துடைக்கக் கூடாது, பனி படியாமல் இருக்கப் பூசியது அழிந்துவிடும்.

நல்ல உடையை வாங்கிய பிறகு அதைக் கெடுத்ததும் நான்தான். முதல் நாள் பழக்கதோஷத்தில் வாஷிங் மெஷினில் ஜீன்ஸோடு போட்டு, மொட்டைமாடி வெயிலில் காய வைத்தேன். குளத்தைவிட்டு ஏறியதும் ஷவரிலேயே உடையோடு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஈரச் சூட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் முடிந்து, வண்டி டிக்கியில் சாயங்காலம்வரை வேகவிடக் கூடாது. துணிசோப், சோடா, ப்ளீச் எதுவும் வேண்டாம், துளி ஷாம்பு போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி நிழலில் கொடியில் போடுங்கள். இன்னொன்று, பிள்ளைகள் முறை வரும்வரை குளத்தின் சொரசொரப்பான சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்து தேய்ப்பார்கள். பெரியவளின் சூட்டில் பின்பக்கம் பத்தே நாளில் பிசிறு கிளம்பியது அதனால்தான். ஒரு சின்ன துண்டு விரித்து உட்காரச் சொன்னபின் நின்றது. அந்தத் துண்டு குளிருக்கும் உதவியது. திருப்பூர் மே மாதத்தில் குளிரா என்று கேட்பீர்கள். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலான வேகத்தில் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஒல்லிப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் உதடு நீலம் பாரிக்கும். உதடு நிறம் மாறினால் கோச் என்ன சொன்னாலும் ஏற்றிவிடுங்கள்.

இருபத்தொன்றாம் நாள் பெரியவள் குறுக்குவாட்டில் ஒரு முறை நீந்திக் கரை தொட்டாள். சின்னவன் பாதிவரை போய் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் கடந்தான். அத்தை அன்று கேலரிக்கு வந்திருந்தார், புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு. ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து, "தூரத்துலயே தெரியறான்" என்றார்.

இந்த ஏப்ரலில் எதிர்வீட்டுப் பெண் தன் மகளுக்கென்று பெரியவளின் பழைய லெக் சூட்டைக் கேட்டாள். பள்ளிக் குளத்திலும் வருடம் முழுக்க அதையே போட்டு இவளுக்குச் சின்னதாகிவிட்டது, அந்தப் பிள்ளைக்கு அளவு அப்படியே பொருந்தும். கொடுக்கலாம் என்றுதான் எடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பக்கத் துணி வழியே எதிர்வீட்டுத் தென்னை தெரிந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு அளவெடுக்கப் போனேன்.